நாலு கோப்பை பொல்பலா

எழுபத்து நாலாம் வருசம் கொத்தமல்லி கண்ணில் படவில்லை. வெளிநாட்டுச் சரக்கெல்லாம் நின்றுபோய், பேக்கரிப் பாணுக்கு விடியமுன் வரிசை, சீனிக்குக் கூப்பன், சோற்றுக்குப் பதில் மரவள்ளி என்று காலம் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவித்துக் குடித்துப் பழகிய பல்லேபொலைப் பக்கத்துச் சனங்கள் வேறு வழியில்லாமல் தங்கள் தோட்டத்து வேலி ஓரங்களைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள். பிடுங்கியதை எப்படிக் காயவைப்பது, பூஞ்சணம் பிடிக்காமல் எப்படி மாதக்கணக்கில் வைத்திருப்பது என்று தெரியாதவர்கள் நூருன்னிஸாவிடம் வந்து கேட்டார்கள்.

நூருன்னிஸாவுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. ஜைனுதீனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பதினாலு வருசம். பிள்ளை இல்லை. ஜைனுதீன் மாத்தளை டவுனில் மிளகு, கொக்கோ, பாக்கு வாங்கி விற்கும் சிறு கடை வைத்திருந்தார். காலை ஏழு மணி பஸ்ஸில் போனால் அந்தி பஸ்ஸில் வருவார். வீட்டில் பகலெல்லாம் நூருன்னிஸாவும் ஜைனுதீனின் மூத்த ராத்தா ஹமீமாவும்தான். ஹமீமா புருசன் மௌத்தாகித் தம்பி வீட்டோடு வந்தவள். நெஞ்சில் முட்டு வருத்தம். மழைக் குளிர் தொட்டால் மூச்சு விசிலடிக்கும்.

நூருன்னிஸா இலை பறிப்பதே ஒரு ஒழுங்கு. பனி காய்ந்திருக்க வேண்டும், வெயில் ஏறியிருக்கக் கூடாது. வல்லாரையை வேரோடு பிடுங்க மாட்டாள், கிள்ளுவாள். ஆடாதோடையைக் கொத்தாகக் கட்டி விறாந்தைக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிடுவாள். துளசிக்கு நிழல், நன்னாரி வேருக்கு வெயில். பூளைச் செடியை அந்தப் பக்கம் எல்லோரும் பொல்பலா என்றுதான் சொல்வார்கள். அதைத் தென்னைக்கடியில் வேரோடு பிடுங்கி, மூன்று தண்ணீரில் அலசி, ஒரு நாள் வாடவிட்டு, சிறிதாக வெட்டிச் சுளகில் பரப்புவாள். காய்ந்ததும் உடனே அடைக்க மாட்டாள். சூட்டோடு அடைத்தால் போத்தலுக்குள் வியர்க்கும் என்பாள். ஆறவிட்டு, ஹோர்லிக்ஸ் போத்தலின் அடியில் துணியில் சுற்றிய ஒரு கரித்துண்டைப் போட்டு, அதன் மேல் இலையை அமத்தாமல் இட்டு மூடுவாள். மூடுவதற்கு முன் ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்துக் கடித்துப் பார்ப்பாள். கண்ணையும் மூக்கையும் ஏமாற்றலாம், நாக்கை ஏமாற்ற முடியாது என்பது அவள் கணக்கு.

அந்த வீட்டில் இன்னொரு இலையும் காய்ந்தது. ஊமத்தை, ஊர்ப் பேச்சில் அத்தன. வயிற்றுக்குள் போனால் பைத்தியம் பிடிக்கும், சில நேரம் ஆளே போய்விடும். ஆனால் காய்ந்த இலையைக் கடுதாசியில் சுருட்டிப் புகை இழுத்தால் ஹமீமாவின் முட்டு இறங்கும். ஆகவே வருசத்துக்கு ரெண்டு தடவை அத்தன காயவைக்க வேண்டியிருந்தது. அதற்கென்று தனிச் சுளகு, கிணற்றடிப் பக்கம் தனி இடம். அந்தச் சுளகைத் தன்னைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்று நூருன்னிஸா சொல்லியிருந்தாள். தம்பி பெண்டாட்டி தனக்குச் சட்டம் போடுவதா என்று ஹமீமாவுக்கு அதில் உள்ளூர ஒரு கசப்பு. தன் வருத்தத்துக்குரிய மருந்தைத் தானே தொடக் கூடாதா என்று பக்கத்து வீட்டில் ஒரு நாள் சொல்லியும் இருக்கிறாள்.

பெருநாள் கழிந்து ஆறு நோன்பு பிடிக்கும் நாட்கள் அவை. நூருன்னிஸா தவறாமல் பிடிப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்கு முன்னால் அடுத்த தெருவில் பிரசவித்த பெண்ணைப் பார்க்கப் போயிருந்தாள். முற்றத்தில் பொல்பலா ஒரு சுளகு, கிணற்றடியில் அத்தன ஒரு சுளகு. ஐப்பசி மாதத்து மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. மலைப் பக்கம் ஒரு இடி, அவ்வளவுதான், கொக்கோ இலைகளில் படபடவென்று அடித்துக்கொண்டு இறங்கிவிட்டது. நூருன்னிஸா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தபோது முற்றம் வெறுமையாக இருந்தது. சுளகு ரெண்டும் உள்ளே இருந்தன. ஹமீமா மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். எல்லாத்தையும் எடுத்து வைத்துவிட்டேன் என்றாள். நூருன்னிஸா அவள் நனைந்த முதுகைத் துடைத்துவிட்டு, சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

ஈரம் பட்ட பொல்பலாவை அடுப்புக்கு மேலே இருந்த பரணில் ஏற்றி மூன்று நாள் புகையில் வைத்தாள். வெள்ளிக்கிழமை இறக்கியபோது வழக்கத்தைவிடக் கறுத்திருந்தது. நடுவில் அங்கங்கே கொஞ்சம் அகலமான துணுக்குகள் தெரிந்தன. மழை பட்டு இலை ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்திருக்கும் என்று நினைத்தாள். நோன்பு வாயோடு இருந்ததால் நாக்கில் வைக்கவில்லை. அப்படியே போத்தலில் இட்டு மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலந்தாவிலிருந்து ரெண்டு பேர் வருகிறார்கள் என்று ஜைனுதீன் முதல் நாளே சொல்லியிருந்தார். மஹ்ரூப் என்பவர், கூட அவருடைய ராத்தா ஸைனம்பு. அங்கே அவர்களுக்கு ஒரு மிளகுத் தோட்டம் இருக்கிறது, அதைக் குத்தகைக்கு எடுக்கிற பேச்சு என்றார். தோட்டம் பேச ஒரு பொம்பிளை ஏன் பஸ் மாறி வர வேண்டும் என்று நூருன்னிஸா கேட்கவில்லை. கோழி ஒன்று அறுக்கச் சொன்னார். எந்தக் கோழி என்று அவளே பார்த்துப் பிடித்துக் கொடுத்தாள்.

பத்தரைக்கு வந்து இறங்கினார்கள். மஹ்ரூப் ஐம்பது வயதுக்காரர், வெள்ளைத் தொப்பி, கையில் மடித்த பேப்பர். ஸைனம்பு சிறிய உருவம். வெயிலில் வந்ததில் முகம் வெளிறியிருந்தது. உள் அறைக்கு வந்ததும் ஹமீமாவின் காதில் ஏதோ சொன்னாள். நீர்க்கடுப்பு, ரெண்டு நாளாக உட்கார முடியவில்லையாம். ஹமீமா குசினிக்கு வந்து, நூருட பொல்பலா குடிச்சா பொழுது சாய முந்தித் தீர்ந்து போகும் என்று சொல்லியிருக்கிறேன், எல்லாருக்குமாகவே அவித்துவிடு, தேத்தண்ணிக்கு வீட்டில் சீனியும் இல்லை என்றாள்.

நூருன்னிஸா புதுப் போத்தலைத் திறந்தாள். ரெண்டு பிடி அள்ளிப் போட்டு, தண்ணீர் பாதியாக வற்றும்வரை அவித்து, துணியில் வடித்து, ஆளுக்கொரு துண்டு கித்துள் கருப்பட்டியோடு நாலு கோப்பை கொண்டுபோய் வைத்தாள். மஹ்ரூப் குடித்தார், ஜைனுதீன் குடித்தார். ஸைனம்பு நல்லா இருக்கிறதென்று இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தாள். ஹமீமா பாதி குடித்துவிட்டுக் கோப்பையோடு அடுப்படிக்கு வந்துவிட்டாள். நீங்க எடுக்கல்லையா மகள் என்று ஸைனம்பு கேட்டாள். நோன்பு என்று நூருன்னிஸா சிரித்தாள். ஸைனம்பு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தாள். அந்தப் பார்வை எதற்கென்று நூருன்னிஸாவுக்கு அப்போது தெரியவில்லை.

மரவள்ளி அவிந்து, கோழி ஆணம் கொதித்துக்கொண்டிருக்கும்போது மஹ்ரூப் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு மறுபடியும் கேட்டார். மூன்றாம் தடவை செம்பைக் கொண்டுபோனபோது அவர் பேப்பரைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பிறகு தூரப் பிடித்து, எழுத்து எல்லாம் கரைந்து ஓடுது என்றார். ஜைனுதீனின் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று இருந்தன. கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பதினாலு வருசத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. கையைத் தொட்டாள். அடுப்புக் கல்லைப் போலச் சுட்டது, வியர்வை ஒரு துளி இல்லை.

உள் அறையில் ஸைனம்பு கட்டிலில் உட்கார்ந்து காற்றிலிருந்து நூல் நூலாக எதையோ பிடுங்கி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

ஹமீமா குசினி நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவள் குரல் காய்ந்து பிசிறியிருந்தது.

"நூரு, இது அத்தன. எனக்குத் தெரியும். பொகை கூடிப் போனா எனக்கு வாய் இப்பிடித்தான் காயும்."

நூருன்னிஸா போத்தலை எடுத்துச் சுளகில் கொட்டினாள். கறுத்த துணுக்குகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பூளையின் மெல்லிய தண்டுகளுக்கு நடுவில், நரம்போடிய அகல இலையின் உடைசல்கள். ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள். நோன்பு முறிந்தால் முறியட்டும் என்றுகூட நினைக்கவில்லை. கசப்பு ஏறியதும் துப்பினாள். சுளகு கையிலிருந்து விழுந்தது. நாலு பேருக்கும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்த சூடு இன்னும் அந்தக் கையில் இருந்தது.

அதன் பிறகு அவள் நின்று யோசிக்கவில்லை. வேலிக்கு அப்பால் இருந்த வீட்டுக்குச் சத்தம் கொடுத்து, சந்தியில் நிற்கும் ராசையாவின் ஹயர் காரைக் கூட்டிவரச் சொன்னாள். செம்பு நிறைய உப்புத் தண்ணீர் கரைத்தாள். மஹ்ரூப் ஒரு செம்பிலேயே வாந்தி எடுத்தார். ஜைனுதீன் கதிரையிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். வாயைத் திறக்க வைக்க அவர் தாடையை அவள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஹமீமா தானே விரலை விட்டு வாந்தி எடுத்துவிட்டு, தள்ளாடியபடி அறை வாசலுக்கு வந்தாள்.

ரெண்டு கோப்பை குடித்த ஸைனம்புதான் மோசம். நூருன்னிஸா கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்து, செம்பை உதட்டில் வைத்தாள். ஸைனம்புவின் கண்மணி ரெண்டும் கறுப்பாக அகன்றிருந்தன. அந்தக் கண்ணுக்கு நூருன்னிஸா தெரியவில்லை. வேறு யாரோ தெரிந்தார்கள்.

"றமீஸா, மகள், அழாத," என்றாள். "ரெண்டாந்தாரம் எண்டு வெக்கப்படாத. ஜைனுதீன் நல்ல மனுசன், கைநீட்ட மாட்டார். மூத்தவளுக்கு இன்னம் ஒண்டும் தெரியாதாம். நிக்காஹ் முடியிற மட்டும் அவளுக்குச் செல்றல்லயாம். நீயும் வாயத் தொறக்காத."

வாசலில் நின்ற ஹமீமா நிலையோடு ஒட்டிக்கொண்டாள்.

நூருன்னிஸாவின் கையில் செம்பு அப்படியே நின்றது. அடுப்பில் ஆணம் கொதித்து வழிந்து நெருப்பில் சீறியது. அடுத்த அறையில் ஜைனுதீன் யாருக்கோ பாக்கின் தரத்தைப் பற்றி விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸைனம்பு மறுபடி காற்றில் நூல் பிடுங்கினாள். எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று நூருன்னிஸாவுக்குத் தெரியாது. ஹமீமாவுக்குத்தான் தெரியும். பத்து தடவை மூச்சு இழுத்துவிடுகிற நேரம் என்று பிறகு சொன்னாள்.

பிறகு நூருன்னிஸா இடது கையால் ஸைனம்புவின் தாடையைப் பிடித்து, செம்பைச் சாய்த்தாள். குடிக்க வைத்தாள். முதுகைத் தட்டினாள். வாந்தி அவள் மடியிலும் கையிலும் கொட்டியது. இன்னொரு செம்பு கரைக்கப் போனாள்.

ராசையா வந்து ஆட்களைத் தூக்கிக் காரில் ஏற்றினார். மாத்தளை ஆஸ்பத்திரி வரைக்கும் நூருன்னிஸா ஸைனம்புவின் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு போனாள்.

வயிற்றைக் கழுவி, ஊசி போட்டு, நாலு பேரையும் வார்ட்டில் வைத்தார்கள். திங்கட்கிழமை மத்தியானம் எல்லோருக்கும் புத்தி தெளிந்தது. உயிருக்குப் பயமில்லை என்று சொன்னார்கள். நஞ்சு விசயம் என்பதால் பொலிஸுக்கு அறிவித்தார்கள். பொலிஸ்காரர் ஒருவர் வந்து நடந்ததை எழுதிக்கொண்டு போனார். யாராவது முறைப்பாடு கொடுத்தால்தான் மேற்கொண்டு பார்ப்போம் என்றார்.

மஹ்ரூப் கட்டிலில் சாய்ந்துகொண்டு யோசித்துப் பார்த்திருக்கிறார். கல்யாணம் பேசப் போன வீடு. மூத்த பெண்டாட்டி கையால் அவித்தது. நாலு பேரும் குடித்தார்கள், அவித்தவள் மட்டும் குடிக்கவில்லை. மருந்து இலையில் அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஊரே சொல்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? முறைப்பாடு கொடுக்கத்தான் போகிறேன் என்றார். பல்லேபொலைப் பள்ளிவாசல் டிரஸ்டி ஸக்கரியா ஹாஜியார் கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கே வந்து, புதன்கிழமை வரை பொறுக்கும்படி கேட்டுக்கொண்டார். ஒருத்தியை மறியலில் அடைக்கும் முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து விசாரிப்போம் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஜைனுதீனும் ஹமீமாவும் வீட்டுக்கு வந்தார்கள். நூருன்னிஸா முதல் நாளே பஸ்ஸில் வந்திருந்தாள். வீட்டைக் கழுவியிருந்தாள். கூரையில் தொங்கிய கொத்துகள், பரணில் இருந்தவை, போத்தல்களில் இருந்தவை எல்லாவற்றையும் பின்வளவில் குழி வெட்டிப் புதைத்திருந்தாள். ஜைனுதீன் உட்கார்ந்தார். கஞ்சி கொண்டுபோய் வைத்தாள். அவர் தொடவில்லை. கோப்பையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால், கையை ஓங்கியிருந்தால்கூட ஏதோ சொல்லியிருப்பாள்.

"ஒனக்கு யாரு சென்ன?" என்றார்.

அவர் எதைக் கேட்கிறார் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நஞ்சைப் பற்றி இல்லை. கல்யாணப் பேச்சைப் பற்றி. முதலிலேயே தெரிந்துதான் செய்தாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். யார் மூலம் தெரிந்தது என்பதுதான் அவருக்கு மீதியாக இருந்த கேள்வி.

தான் கேட்டது பிறகுதான், ஸைனம்பு மயக்கத்தில் சொன்னதுதான் என்று சொன்னாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவங்களுக்கு ஒண்டும் ஞாபகமில்ல என்றார். பக்கத்து அறையில் ஹமீமா விழித்துத்தான் படுத்திருந்தாள். அவள் இருமுவது கேட்டது. எழுந்து வரவில்லை. நூருன்னிஸா அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது எப்படி அந்தப் போத்தலுக்குள் வந்தது என்று அவளுக்கே தெரியாது. தன் கைதான் எங்கேயோ தவறிவிட்டதோ என்று ரெண்டு நாளாக விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை அஸர் தொழுதுவிட்டு ஸக்கரியா ஹாஜியார் வந்தார். உக்குவளையிலிருந்து நூருன்னிஸாவின் நானா சாலிஹ் வந்தார். மஹ்ரூப் ஸைனம்புவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆண்கள் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால். பாயில் ஒரு ஓரம் ஸைனம்பு, மறு ஓரம் ஹமீமா, நடுவில் நூருன்னிஸா. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மஹ்ரூப் தன் பக்கத்தை அடுக்கிச் சொன்னார். சத்தம் போடவில்லை. சாலிஹ் தன் தங்கச்சி ஒரு கோழிக்குஞ்சைக்கூட மிதித்ததில்லை என்றார். ஹாஜியார் ஜைனுதீனைக் கேட்டார். ஜைனுதீன், அவ செஞ்சிருந்தாலும் மன்னிச்சி விட்டுடுவோம், எங்கட குடும்ப மானம் என்றார். செய்திருந்தாலும் என்ற அந்த வார்த்தை உள்ளே வந்து விழுந்தபோது நூருன்னிஸா நிமிர்ந்தாள். திரைக்கு இந்தப் பக்கமிருந்தே பேசினாள்.

"எனக்கு மன்னிப்பு வேண்டாம் ஹாஜியார். நான் அவிச்சது, நான் ஊத்திக் குடுத்தது. அத நான் இல்லெண்டு செல்லல்ல. போத்தல்ல அது எப்பிடி வந்திச்செண்டு எனக்குத் தெரியா. ஆனா இவங்க எதுக்கு வந்தாங்கெண்டு எனக்குத் தெரிஞ்சது, அவங்கட தல என்ட மடியில ஈக்கிற நேரம். அதுக்கு முந்தி இல்ல. நம்புறதெண்டா நம்புங்க. பொலிஸுக்குப் போறதெண்டா நான் வாரன்."

மஹ்ரூப் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அதற்கு என்ன சாட்சி என்று ஹாஜியார் மெதுவாகக் கேட்டார்.

ஹமீமாவின் மூச்சு ஏறத் தொடங்கியிருந்தது. பாயைக் கையால் இறுகப் பிடித்திருந்தாள். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் சாட்சி," என்றாள்.

அவள் சொன்னது துண்டு துண்டாகத்தான் வந்தது. மழை வந்த அன்று ரெண்டு சுளகையும் தூக்க அவளால் முடியவில்லை. ரெண்டாவது நடை போனால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. அத்தன இலையை அள்ளிப் பொல்பலாவின் மேல் போட்டு, வெறுஞ்சுளகை மேலே கவிழ்த்துச் சாக்கால் மூடி ஒரே நடையில் தூக்கிவந்தாள். உள்ளே வந்ததும் உட்கார்ந்து அத்தனயைப் பொறுக்கிப் பழைய சுளகில் போட்டாள். பெரிய இலையெல்லாம் பொறுக்கியாகிவிட்டது. பொறுக்கிட்டன் எண்டுதான் நெனச்சன் என்றாள். உடைந்த தூள் இடுக்கில் நின்றது கண்ணுக்குத் தெரியவில்லை. நூருவிடம் சொல்லியிருக்கலாம். தொடாதே என்று சொன்ன சுளகைத் தொட்டதற்கு அவளிடம் பேச்சுக் கேட்க வேண்டி வருமே என்று சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரியில கண் முழிச்சதுமே எனக்கு விளங்கிச்சு. மூணு நாளா வாயப் பொத்திட்டு ஈந்தன். இந்தக் கல்யாணத்தப் பேசினதும் நான்தான். ரெண்டுக்கும் சேத்து எல்லாரும் என்னத்தான் ஏசுவாங்க எண்டு பயம்." கொஞ்சம் மூச்செடுத்துக்கொண்டாள். "ஸைனம்பு பெனாத்தினது எனக்கும் கேட்டிச்சு. நான் வாசல்லதான் நிண்டன். நூருட மொகத்தப் பாத்தன். அது முந்தியே தெரிஞ்சவட மொகமில்ல ஹாஜியார். அவ கையில செம்பு ஈந்திச்சு. சரிச்சு ஊத்திட்டு எழும்பிப் போயிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. அவ குடிக்கத்தான் வெச்சா."

ஜைனுதீன் தன் ராத்தாவின் குரல் வந்த திரையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மஹ்ரூப் எழுந்து முற்றத்தில் இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். முறைப்பாட்டுப் பேச்சு இனி இல்லை என்றார். பிறகு யாரும் கேளாமலே, கல்யாணப் பேச்சும் இல்லை என்றார்.

உள்ளே ஸைனம்பு பாயில் நகர்ந்து வந்தாள். நூருன்னிஸாவின் கையைப் பிடிக்க வந்து, பிடிக்கலாமா என்று தயங்கிப் பக்கத்தில் பாயில் கையை வைத்தாள்.

"எனக்கு ஒண்டும் ஞாபகமில்ல மகள்," என்றாள். "யாரோ என்ட தலயப் புடிச்சிட்டு ஈந்தது மட்டுந்தான் ஞாபகம். அது என்ட உம்மா எண்டு நெனச்சன்."

நூருன்னிஸா அவள் கையைப் பார்த்தாள். தொடவுமில்லை, விலக்கவுமில்லை.

எல்லோரும் போனார்கள். சாலிஹ் மட்டும் படியில் நின்றார். ஹமீமா சுவரில் சாய்ந்து, வாய் திறந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள். நூருன்னிஸா அவள் முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஆஸ்பத்திரியில் தந்த குளிசையைக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்தாள். என்ன மன்னிச்சிரு என்று ஹமீமா சொன்னபோது, இப்பப் பேசாதீங்க மதினி, மூச்சு வாங்குது என்றாள். பிறகு விறாந்தைக்கு வந்து ஜைனுதீனின் முன்னால் நின்றாள்.

"அவங்களுக்கு ஒண்டும் நடக்காம, குடிச்சிட்டு, சோறு தின்னுட்டுப் போயிருந்தா, எனக்கு எப்ப செல்லியிருப்பீங்க?"

அவர் பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அன்றைக்கு இரவே சொல்லத்தான் இருந்தேன் என்பார், அல்லது ராத்தாவின் மேல் போடுவார். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நிக்காஹ் முடிஞ்ச அடுத்த நாள்."

அவள் உள்ளே போய் ரெண்டு சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாலிஹோடு அந்தி பஸ்ஸில் உக்குவளைக்குப் போய்விட்டாள்.

அங்கே ஒரு மாதத்துக்கு மேல் இருந்தாள். சமைத்தாள், தொழுதாள், சாலிஹின் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டாள். யாரோடும் இதைப் பற்றிப் பேசவில்லை. காய்ச்சலுக்கு என்ன இலை அவிப்பது என்று அயல் பெண்கள் கேட்டு வந்தால், எனக்குத் தெரியாது என்றாள். சாப்பாடு கொடுக்கும்போது தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, முதல் பிடியைத் தானே எடுத்துத் தின்றுவிட்டுத்தான் மற்றவர்களைத் தொட விட்டாள். சாலிஹின் மனைவி அதைக் கண்டும் காணாதவள்போல இருந்தாள்.

மழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜைனுதீன் வந்தார். மெலிந்திருந்தார். நாலந்தாப் பெண்ணுக்குக் கலேவெலயில் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது என்றார். ராத்தாவுக்கு முட்டு கூடிவிட்டது, உன் பேரையே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றார். வீட்டுக்கு வா என்றார். சாலிஹ் எழுந்து வெளியே போய்விட்டார்.

நூருன்னிஸா அவருக்கு எதிரே கீழே உட்கார்ந்தாள். வாரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இந்தப் பேச்சு தொடங்கிய நாளிலிருந்து அன்றைய ஞாயிற்றுக்கிழமை வரை என்னென்ன நடந்ததென்று ஒன்று விடாமல் தனக்குச் சொல்லும்படி கேட்டாள். மற்றவர்களிடம் பேசியதையெல்லாம் இப்போது தன்னிடம் பேசச் சொன்னாள்.

ஜைனுதீன் தயங்கித் தயங்கித் தொடங்கினார். நோன்பு பிறை கண்ட வாரத்தில் ராத்தா முதலில் பேச்செடுத்தது. தான் முடியாது என்றது. பிறகு ஒரு நாள் கடையில் சும்மா இருக்கும்போது, ஒரு பிள்ளை இருந்தால் என்று நினைத்தது. மிளகு பார்க்கப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு நாலந்தாவுக்குப் போனது. அங்கே ஸைனம்புவின் மகள் றமீஸா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது. திரும்பி வரும் வழியில் மாத்தளை டவுனில் நூருன்னிஸாவுக்கு ஒரு சோடி செருப்பு வாங்கியது. அது ஏன் என்று தனக்கே தெரியாது என்றார். தோட்டக் குத்தகை என்ற கதையை யார் யோசித்தது, கோழி அறுக்கச் சொல்லலாம் என்று யார் சொன்னது, அவள் அந்தக் கோழியைப் பிடித்து நீட்டியபோது தனக்கு எப்படி இருந்தது, எல்லாம் சொன்னார். நடுவில் ரெண்டு தடவை நிறுத்தினார். அவள் காத்திருந்தாள். மீண்டும் சொன்னார்.

சொல்லி முடிக்கும்போது அஸர் பாங்கு கேட்டது. ஜைனுதீன் முகத்தைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டு, அவ்வளவுதான் என்றார். இனிச் சொல்ல ஒன்றும் இல்லை, போகலாமா என்றார்.

நூருன்னிஸா எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தை, யாரோ அந்நியரின் முகத்தை மனதில் பதிய வைக்கப் பார்ப்பதுபோல, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல்லேந்து," என்றாள். "இன்னொரு தரம் செல்லுங்க."